சிங்கிகளின் ஆடிக் கிருத்திகை விரதம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கீழ் வீட்டிலிருந்து எடுத்தது.

திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள்: அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் வேதாசலம், அவர் மனைவி மனோரமா. அவர்கள் கூடத்தில் ஒரு மீன்தொட்டி. தொட்டியில் மீன் கிடையாது. குள்ள கிரேஃபிஷ் என்று ஒரு ஜந்து. கடலில் முழங்கை நீளத்துக்கு வருமே சிங்கி இறால், அதை வெந்நீரில் துவைத்துச் சுருங்க வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. சுண்டுவிரல் அளவுகூட வராது. மெக்ஸிகோவில் ஏதோ ஓர் ஏரியைச் சேர்ந்த வம்சம். நிறம் நல்ல ஆரஞ்சு. அந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கேவலமும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் வாரா வாரம் யாருடைய கழுத்தையாவது அறுத்துப் பிழைப்பவன். என் தொடர்கதைகளில் முதல் பத்தி முடிவதற்குள் ஒரு பிணம் விழுந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் இந்தக் கதையை இப்படித் தொடங்கினேன்:

'மனோரமாவின் மூடிய கையிலிருந்து சிவப்பாக ஒரு துளி சொட்டியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும்—'

[நிறுத்தினேன். மலிவு. மேலும், முதல் வரியிலேயே இரத்தம் கேட்கிற வாசகர்களுக்கு எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.]

அடுத்த முயற்சி: 'ஆடி மாதத்து வெயிலில் தணிகை மலை ஒரு மௌனத்தை உடுத்திக்கொண்டிருந்தது.'

[இது இலக்கியப் பத்திரிகைக்காரர்களுக்கு. மலை எதையும் உடுத்தாது. ஆடி மாதம் திருத்தணியில் மௌனம் இருந்தது என்று எழுதுகிறவன் ஆடி மாதம் திருத்தணிக்கு வந்ததே இல்லை. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்.]

சரி. தந்திரமில்லாமல் சொல்கிறேன்.

2

மனோரமா அந்தச் சிங்கிகளை வாங்கியது அரக்கோணத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஷபீனா நடத்தும் மீன் கடையில். மழைக்கு ஒதுங்கியவள், ஒரு கண்ணாடி ஜாடியைக் குனிந்து பார்த்தாள். உள்ளே இருந்த ஆரஞ்சுப் பொடியன் இரண்டு கொடுக்கையும் தூக்கி, 'வா, ஒரு கை பார்க்கிறேன்' என்று நின்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பி அத்தனை கவனமாக யாரும் சண்டைக்கு நின்று வெகு காலம் ஆகியிருந்தது.

ஆண் ஒன்று, பெண் ஒன்று வாங்கி வந்தாள். ஆணுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தாள். நாள் முழுக்க உடைந்த பூந்தொட்டிக்குள் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாப்பாடு விழுந்தால் மட்டும் வெளியே வருவான். பெயர் யாரை நினைத்து வைத்தது என்று வேதாசலம் கேட்கவில்லை. பெண்ணுக்கு மேடம்.

முதல் தடவை மேடம் முட்டை சுமந்தபோது மனோரமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாலுக்கு அடியில் கறுப்பு மணிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. மேடம் அவற்றுக்கு ஓயாமல் விசிறிக்கொண்டே இருந்தாள். குஞ்சு பொரித்தது. கொசுவின் கால் அளவில் கொடுக்கும் மீசையுமாக, பெரியவர்களின் அச்சு அசல். அம்மாவின் வயிற்றைவிட்டு இறங்கி அவை நடக்கத் தொடங்கிய நாளே ஆபீசர் பூந்தொட்டியிலிருந்து வெளியே வந்து ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தான். மனோரமா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் முடிந்தது.

போன் போட்டால் ஷபீனா சிரிக்கிறாள். "இன்னாக்கா போட்டீங்க அதுக்கு?"

"கீரை. வெள்ளரிக்கா."

"கறி போடாம வுட்டா பசில புள்ளைங்களத்தான் துன்னும். ஃப்ரீசர்ல வெக்கற புழு தரேன், ரத்தப்புழு, பாக்கெட்டா வரும். அத்த ஒரு துண்டு போட்டுகினே இருங்க. வயிறு ரொம்பினா அவன் பாட்டுக்குக் கெடப்பான்."

ஆகவே மேடம் இரண்டாம் முறை முட்டை சுமந்தபோது மனோரமா ஒரு முடிவோடு இருந்தாள். இந்தத் தடவை ஒன்றையும் தின்னக் கொடுக்கமாட்டேன். அவ்வளவுதான் இந்தக் கதையில் பணயம். வைரம் இல்லை, உயில் இல்லை, கடத்தல் இல்லை. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். அடுத்த பக்கத்தில் ராசிபலன் இருக்கும்.

[இந்நேரம் ஒரு வாசகர், 'பாவம், அவளுக்குக் குழந்தை இல்லை போலிருக்கிறது' என்று கண்டுபிடித்திருப்பார். இருக்கிறான். ஓசூரில் வேலை. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறான். குறியீடு பொறுக்குகிறவர்கள் வேறு தெருவுக்குப் போகவும்.]

3

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேதாசலம் மாலை போட்டார். காவி வேட்டி, கழுத்தில் மணிமாலை, வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் நுழையக்கூடாது. மாலை போட்டவரைப் பெண்டாட்டி உட்பட எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். இதெல்லாம் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பள்ளிப்பட்டிலிருந்து அவர் அக்கா தேவயானி போன் செய்யும்வரை ஒரு சிக்கலும் இல்லை.

ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மாடிப்படியில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"டேய் சாமி! நண்டு வளக்கற வூட்ல இருந்து காவடி கெளம்புமாடா?"

"அக்கா, அது நண்டு இல்லக்கா…"

"பின்ன இன்னா, மயிலா? ஏரில கொண்டுபோயி கொட்டச் சொல்லு அவள."

போனை வைத்துவிட்டு வேதாசலம் தொட்டியைப் பார்த்தார். மனோரமா அவரைப் பார்த்தாள். கொட்டச் சொல்வார் என்று நினைத்தாள். அவர் அதைவிட மோசமான காரியம் செய்தார். யோசித்தார்.

"மனோ, இங்க பாரு. இன்னா கலர் இது?"

"ஆரஞ்சு, சாமி."

"காவி! பொறக்கும்போதே காவி கட்டிகினு பொறந்துகீதுங்க. நம்மள வுட பெரிய பக்தனுங்க. அதுங்களுக்கும் மாலை போட்டுடலாம். அக்கா வாய் தொறக்க முடியாது."

போட்டார். தொட்டியின் நான்கு மூலையையும் சுற்றி ஒரு துளசிமணி மாலை. கண்ணாடி நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமப் பொட்டு. அன்றிலிருந்து சிங்கிகளுக்கும் சைவம்.

"அதுங்க கறி துன்ற ஜாதி, சாமி."

"நான் இன்னா இலை துன்ற ஜாதியா? நானே வுட்டுட்டன் இல்ல? அதுங்களுக்கு இன்னா கேடு?"

தேவயானிக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்: சிங்கிகள் விரதத்தை முறித்தால் தொட்டியோடு ஏரி.

மனோரமா தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஃப்ரீசரில் கறிவேப்பிலை என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ஒரு டப்பா முளைத்தது. வேதாசலம் காலையும் மாலையும் தலைக்குக் குளிப்பார். குளியலறையிலிருந்து 'அரோகரா' கேட்கிறவரை டப்பா திறந்திருக்கும். சத்தம் நின்றால் டப்பா மூடிவிடும். ஆபீசர் வயிறு நிறைந்து பூந்தொட்டிக்குள் கிடந்தான். மேடம் விசிறிக்கொண்டிருந்தாள்.

* இந்த இடத்தில் வேதாசலத்தை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். மீசையைக் கொஞ்சம் தடிமனாக்கி, கண்ணில் கொஞ்சம் சிவப்பேற்றினேன். பக்கங்களை மனோரமாவே வாங்கிப் படித்தாள். (என் தொடர்களை அவள் படிப்பாள். 'பொழுது போவலன்னா' என்று விளக்கமும் தருவாள்.) "அவரு கெட்டவரு இல்ல சார்," என்றாள். "நாலு பேரு பாத்துகினு இருந்தா ரொம்ப நல்லவரா ஆயிடுவாரு. அதான் தொல்லை." என் இத்தனை வருட எழுத்தில் இப்படி ஒரு வரி வந்ததில்லை. அவளுக்கு அது காபி டம்ளரை எடுத்துப் போகிற வழியில் வந்தது. எரிச்சலாக இருந்தது.

4

[கிழிக்கப்பட்டது. மலைப்படியில் வேதாசலத்தை யாரோ பின்னாலிருந்து தள்ளுவதாக எழுதியிருந்தேன். மனோரமா படித்துவிட்டு, "நல்லாத்தான் கீது. அவரு படிச்சா மாடிய காலி பண்ணச் சொல்லுவாரு," என்றாள்.]

5

நாலு பேர் பார்க்கத் தொடங்கியது இப்படி.

வேதாசலம் தன் கைபேசியில் தொட்டியைப் படம் பிடித்தார். பின்னணியில் பம்பைச் சத்தம் சேர்த்தார். 'திருத்தணியில் விரதமிருக்கும் அதிசயச் சாமிகள்!' என்று தலைப்பு வைத்து உறவுக்கார வாட்ஸப் குழுவில் விட்டார். உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? படம் தெருவில் பரவி, பஸ் ஸ்டாண்டு வரை போனது. வாசலில் வந்து செருப்பைக் கழற்றியது கூட்டம். வெள்ளரித் துண்டை மேடம் கொடுக்கால் கிள்ளினால் 'அரோகரா'. ஆபீசர் மீசையை ஆட்டினால் 'அரோகரா'. பிறந்ததிலிருந்து ஒரு வேளைகூடப் பசி தாங்காத மனிதர்கள், ஒரு பூச்சியின் பட்டினியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் தேவயானி வந்து இறங்கினாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதோடு முடிந்தது. சாப்பாடும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். வருகிறவர்களுக்குத் தலவரலாறு சொன்னாள்.

'தேவயானியின் குரல் கணீரென்று, கேட்பவர் மனதைத் தொடும்படி' [அடித்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.]

கறிவேப்பிலை டப்பாவுக்கும் தொட்டிக்கும் நடுவில் இப்போது ஒரு நாற்காலி. மனோரமா புழுவைக் கையில் எடுக்க வழியில்லை. ஆபீசர் பூந்தொட்டியைவிட்டு வெளியே வந்து மேடத்தின் வாலைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். மனோரமாவுக்கு அந்த நடை தெரியும்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. குங்குமம். வந்தவர்களில் ஒரு பெண் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடப் போனாள். மனோரமா பாய்ந்து கையைப் பிடித்தாள். அந்தப் பொடி உள்ளே விழுந்தால் மொத்தத் தொட்டியும் காலி என்று ஷபீனா முன்பே சொல்லியிருந்தாள். அதை அங்கே சொல்ல முடியுமா?

"சாமிங்களுக்குக் கண்ணு எரியும்மா. வெளிய கண்ணாடிக்கு வெச்சிட்டுப் போங்க."

"கண்ணு எரியுதாம்," என்றாள் தேவயானி, கூட்டத்துக்குக் கேட்கும்படி. "முருகன் குங்குமம் எரியுதாம் இவளோட சாமிங்களுக்கு. எரியறது யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அந்தக் குங்குமக் கணக்கு தீராமல் அப்படியே நின்றது.

* நடுவில் ஒருநாள் ஆபீசர் சட்டை உரித்தான். இந்த ஜந்துக்கள் வளரும்போது மேலோட்டை அப்படியே கழற்றிப் போடும். பார்த்தால் செத்துக் கிடப்பது போலவே இருக்கும். கூட்டம் அழத் தயாரானது. பிறகு ஆபீசர் பூந்தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்து தன் ஓட்டையே தின்றான். "பாத்தீங்களா, பட்டினி கெடந்தாலும் கறி கேக்கல," என்றாள் தேவயானி. உரித்த ஓடு பற்றி நான் தத்துவமாக ஏதாவது எழுதுவேன் என்று காத்திருக்கிறீர்கள். எழுதமாட்டேன். அவனுக்குப் பசி. அவ்வளவுதான்.

6

காவடி கிளம்பும் காலை.

வாசலில் பம்பையும் உடுக்கையும். பள்ளிப்பட்டு, திருவாலங்காடு உறவு மொத்தமும் கூடத்தில். ஆளுக்கொரு குங்குமத் தட்டு. மயிலிறகு செருகிய காவடி சுவரில் சாய்ந்திருக்க, வேதாசலம் மார்பு முழுக்க விபூதியோடு நடுவில் நிற்கிறார். நாலு பேர் என்ன, நாற்பது பேர் பார்க்கிறார்கள். நல்லவராக இருப்பதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

மனோரமா தொட்டியைப் பார்த்தாள். மேடத்தின் வால் காலியாக இருந்தது.

இறங்கிவிட்டன. மணலில், தொட்டியில் போட்டிருந்த பாதாம் சருகின் மேல், கண்ணாடியின் ஓரத்தில், எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுப் புள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஊசிமுனைக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு. ஆபீசர் பூந்தொட்டி வாசலில் நின்றான். ஒரு புள்ளி அவன் பக்கமாக நடந்தது. கொடுக்கு ஒருமுறை அசைந்தது. அந்தப் புள்ளி இல்லை.

["ஆபீசரைப் பிடித்து வேறு பாத்திரத்தில் விடவேண்டியதுதானே?" என்று கேட்கும் வாசகருக்கு: வாழ்க்கையில் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரு பக்கெட் இருக்கிறது என்று நம்புகிறவர் நீங்கள். முந்தின நாளே அவள் வலையை எடுத்தாள். "விரதச் சாமியப் புடிச்சி பக்கெட்ல போடுவியா? குளிக்கறதுக்கா, கொழம்புக்கா?" என்று தேவயானி கேட்டு, வலை பரண்மேல் போயிற்று.]

மனோரமா சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது வலது கை மூடியிருந்தது.

தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கைச்சூட்டில் ஐஸ் உருகி, விரலிடுக்கில் சிவப்பாகக் கசிந்தது. ஒரு துளி தரையில் சொட்டியது.

[ஆமாம். நான் மலிவு என்று தூக்கிப்போட்ட அதே வரி. வாழ்க்கை எப்போதும் வாரப் பத்திரிகைத் தரத்தில்தான் எழுதுகிறது. நான் என்ன செய்ய?]

"இன்னாடி அது கைல?" என்றாள் தேவயானி.

பம்பை நின்றது. வேதாசலம் திரும்பினார். மனோரமா வாயில் வந்ததைச் சொன்னாள்.

"குங்குமம், அண்ணி."

தேவயானியின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் காத்திருந்த வெற்றி. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"ஆங்! இப்பத்தான் புத்தி வந்துது. கொழைச்சி வேற எடுத்துகினு வந்துகீறா பாருங்க. போடு. உன் கையால முதல்ல போடு. அப்புறம் நாங்கல்லாம் போடறோம்."

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொரு தட்டிலும் அசல் குங்குமம்.

இப்போது பாருங்கள். கையைத் திறந்தால் ஆபீசருக்கு வயிறு நிறையும். குஞ்சுகள் அவனிடமிருந்து தப்பும். ஆனால் அவள் போட்டுவிட்டால் வரிசை போடும். ஒருவரையும் தடுக்க அவளுக்கு இனி வாய் கிடையாது. திறக்காவிட்டால் குங்குமம் விழாமல் போகலாம். ஆபீசர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வான். 'இது குங்குமம் இல்லை, புழு' என்று உண்மையைச் சொன்னால் தொட்டி ஏரிக்குப் போகும். காவடி தோளில் ஏறுவதற்கு முன்பே அவள் புருஷன் ஊர் சிரிக்க நிற்பார்.

கை தண்ணீருக்கு மேல் போனது.

7

முடிவு.

வாரப் பத்திரிகைக்கான முடிவு: அந்தக் கணத்தில் வேதாசலத்துக்கு அருள் வருகிறது. "போடாதே!" என்று கர்ஜிக்கிறார். கூட்டம் விலகுகிறது. பிறகு அவர் மனைவியைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டுகிறார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும்! [ஆசிரியர் இதற்கு உச்சி குளிர்ந்துவிடுவார். வேதாசலத்துக்குத் தன் வேட்டி நழுவுவதே யாராவது சொன்னால்தான் தெரியும்.]

இலக்கியப் பத்திரிகைக்கான முடிவு: மனோரமா கையைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது. அதற்குள் ஒரு சிங்கி நடக்கிறது. [படித்தவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். குஞ்சுகள் என்ன ஆயின என்று அவருக்குக் கவலை கிடையாது.]

உண்மையான முடிவைத் தெரிந்துகொள்ள நான் கீழே இறங்கிப் போனேன். அன்று வாசலில் நெரிசலில் மாட்டிக்கொண்ட எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. மனோரமா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்துத் தொட்டிமேல் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. விரதம் முடிந்து மாலை கழற்றியும் தேவயானி பள்ளிப்பட்டுக்குத் திரும்பவில்லை. சிங்கிகள் இனி ஆயுளுக்கும் சைவம் என்று அறிவித்துவிட்டு, நாற்காலியோடு இருக்கிறாள். நாங்கள் பேசியபோது குளித்துக்கொண்டிருந்தாள்.

"கைய தொறந்தீங்களா, இல்லையா?" என்றேன்.

"ஏன் சார்? எழுதறதுக்கா?"

"முடிவு வேணுமில்ல?"

"உங்களுக்கு முடிவு வேணும். எனக்கு அதுங்க வேணும். நீங்க அச்சுல போட்டா எங்க நாத்தனார் படிப்பாங்க. அவங்களும் வாராவாரம் வாங்கறவங்கதான்."

"பேர மாத்திட்டேன். ஆனாலும் தன்னைத்தான் எழுதியிருக்குன்னு கண்டுபுடிச்சிட மாட்டாங்களா?"

மனோரமா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தொடர்கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவுதான் மனிதர்களைத் தெரியுமா என்ற பார்வை.

"நல்லதா ஒரு வரி எழுதினீங்கன்னா கண்டுபுடிச்சிடுவாங்க. மத்ததெல்லாம் யாரோ எவளோன்னு படிச்சிட்டுச் சிரிப்பாங்க."

அதனால்தான் ஐந்தாம் பகுதியில் அந்தக் குரலை அடித்தேன். மற்ற வரிகளை நிம்மதியாக விட்டுவைத்தேன். முடிவை மட்டும் எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒரு பத்திரிகையின் விலை கொடுத்ததற்காக உங்களிடம் அதைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனோரமா ஃப்ரிட்ஜை முழங்கையால் தள்ளிச் சாத்தினாள். நான் மாடிக்கு வந்துவிட்டேன்.

இத்தனை நேரம் சௌகரியமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்கள் அல்லவா? எழுந்திருங்கள். அவளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நீங்கள் அங்கே நில்லுங்கள். நாலாவதாக ஒரு வழியை யோசிக்க வேண்டாம். யோசித்தால் நீங்களும் வேதாசலம்தான். கை உங்களுடையது. உள்ளே சில்லென்று நெகிழ்ந்துகொண்டிருப்பது புழு. பின்னால் தட்டுகளோடு வரிசை, பக்கத்தில் நாற்காலியைவிட்டு எழுந்த நாத்தனார், வாசலில் காவடி. பம்பை நின்றுவிட்டது. எல்லோரும் உங்கள் விரல்களையே பார்க்கிறார்கள்.

ஆபீசர் மட்டும் பார்க்கவில்லை. அவன் மணல் பக்கம் திரும்பிவிட்டான்.